உங்கள் காட்டுக்கு எந்தச் சோயா ரகம்? நீங்களே வைத்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

நாமக்கல் முட்டைப் பண்ணைகளுக்கும் பல்லடம் கறிக்கோழிப் பண்ணைகளுக்கும் வேண்டிய சோயா புண்ணாக்கு பெரும்பாலும் வெளி மாநிலங்களிலிருந்துதான் லாரியேறி வருகிறது. வாங்குகிறவர்கள் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது நாமே சோயா மொச்சை போட்டால் என்ன என்ற எண்ணம் கொங்கு நாட்டில் பலருக்கும் வருகிறது. வந்தவுடன் சிக்கிக்கொள்ளும் இடம் ரகத் தேர்வு. விதைக்காரர் ஒன்று சொல்வார், உறவினர் ஒன்று சொல்வார், கைப்பேசியில் வரும் காணொளி வேறொன்று சொல்லும். மூவரும் சொல்வது அவரவர் பார்த்த நிலத்தில் உண்மையாகவே இருக்கலாம். கோபி வாய்க்கால் பாசனத்தில் முதலாவதாக வந்த ரகம் தாராபுரம் பக்கத்துக் கிணற்றுத் தோட்டத்தில் கடைசிக்குப் போய்விடும். ஆனியில் குலுங்கக் காய்த்தது மாசியில் கைவிட்டுவிடும்.

அதனால் ஓரிடத்தின் ஒரு பட்டத்து விளைச்சலை வைத்து ரகத்தை முடிவு செய்யாதீர்கள். பல இடங்களிலும் பல பட்டங்களிலும் ஒரு ரகம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இதையே விளைச்சல் நிலைத்தன்மை என்கிறார்கள். நானும் பக்கத்துத் தோட்டக்காரர்களும் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஓரிடத்துக்கு ஆறு சென்ட் நிலமும், சேர்ந்து வேலை செய்யும் இரண்டு மூன்று விவசாயிகளும் இருந்தால் போதும்.

1. முதலில் சூழல்களைப் பிரியுங்கள்

சூழல் என்பது ஓர் இடமும் ஒரு பட்டமும் சேர்ந்தது. ஒரே தோட்டத்தில் ஆனியில் விதைத்தால் ஒரு சூழல், புரட்டாசியில் விதைத்தால் இன்னொரு சூழல். மூன்று தோட்டங்களில் இரண்டு பட்டங்கள் வைத்தால் ஆறு சூழல்கள் கிடைக்கும். இதற்குக் குறைவாக வைத்து நிலைத்தன்மை பேசுவதில் பொருளில்லை.

மூன்று தோட்டங்களும் ஒரே மாதிரி இருந்தால் ஆறு என்பது பெயருக்குத்தான். கீழ்பவானி வாய்க்கால் பாயும் வயல் ஒன்று, அவிநாசி, பெருந்துறைப் பக்கத்துச் செம்மண் கிணற்றுத் தோட்டம் ஒன்று, பல்லடம் அல்லது உடுமலைப் பக்கத்துக் கரிசல் காடு ஒன்று என்று வேறுபட்டவையாகத் தேர்ந்தெடுங்கள். பொள்ளாச்சியில் தென்னைக்கு ஊடே போட நினைப்பவர்கள் அந்த நிழலையே தனிச் சூழலாக எடுத்துக்கொள்ள வேண்டும். திறந்தவெளியில் வந்த முடிவு தென்னந்தோப்புக்குப் பொருந்தாது.

பட்டங்களில் கவனமாக இருங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழக்கத்தில் ஆடிப்பெருக்கு முடிந்து விதைத்தால், 90 நாள் ரகம் ஐப்பசி மழையில் மாட்டும். காய் நனைந்து பூஞ்சை பிடிக்கும், காய்க்குள்ளேயே முளை கட்டும். ஆனி முதல் பாதியில் விதைத்துவிட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் களத்துக்கு வந்துவிடும். புரட்டாசிப் பட்டம் மார்கழி, தை வாக்கில் அறுவடைக்கு வருகிறது. காய்ந்த காலம் என்பதால் விதைக்கு ஏற்றது என் கணிப்பில் இதுதான். மாசிப் பட்டத்தில் தண்ணீர்ச் செலவு அதிகம், வெள்ளை ஈ பெருகி மஞ்சள் தேமல் நோய் வரும் வாய்ப்பும் அதிகம். ஆனாலும் கோடையில் வெள்ளாமை எடுப்பவராக இருந்தால் அந்தப் பட்டத்தையும் சேருங்கள். எந்த ரகம் தேமலைத் தாங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

2. நான்கு ரகங்களுக்கு மேல் வேண்டாம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ ரகங்களில் இரண்டை எடுங்கள். கோ 2 குறுகிய வயதுடையது, ஏறக்குறைய 80 நாளில் முடியும். கோ (சோயா) 3 அதைவிடச் சற்றுக் கூடுதல். ஜபல்பூரிலிருந்து வந்து நாடெங்கும் பரவிய ஜே.எஸ். 335-ஐ ஒப்பீட்டுக்காகச் சேர்க்கலாம். அது மஞ்சள் தேமலுக்கு எளிதில் ஆளாகும் ரகம். தார்வாடு பல்கலைக்கழகத்தின் டி.எஸ்.பி. 21 துரு நோயைத் தாங்குவதற்காகப் பெயர் பெற்றது. விதை கிடைத்தால் அதுவும் நல்ல தேர்வு.

வட மாநில ரகத்தின் பையில் அச்சிட்டிருக்கும் வயதை இங்கே அப்படியே நம்பாதீர்கள். சோயா பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. பகல் குறுகினால் சீக்கிரம் பூக்கும். இந்தூரில் ஆண்டின் நீண்ட பகல் ஏறக்குறைய பதின்மூன்றரை மணி நேரம், கோயம்புத்தூரில் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். அங்கே 95 முதல் 100 நாள் வரை நின்று காய்க்கும் ரகம் இங்கே செடி வளரும் முன்பே பூத்துவிடக்கூடும். குட்டைச் செடியில் காய் எத்தனை பிடிக்கும்? புரட்டாசியில் விதைத்தால் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். எனவே ஒவ்வொரு பாத்தியிலும் பாதிச் செடிகள் பூத்த தேதியைக் குறித்தே ஆக வேண்டும்.

3. விதையும் காகிதங்களும்

ஒரு பாத்திக்கு ஏறக்குறைய 100 கிராம் விதை, மூன்று பாத்திக்கு 300 கிராம். ஓரிடத்துக்கு ஒரு ரகத்தில் அரைக் கிலோ வைத்துக்கொள்ளுங்கள். முழு மூட்டையாகத்தான் தருவார்கள் என்றால் சேர்ந்து செய்யும் விவசாயிகள் பங்கிட்டுக்கொள்ளலாம். எல்லாத் தோட்டங்களுக்கும் விதை ஒரே குவியல் (லாட்) எண்ணிலிருந்து போக வேண்டும். வேறு வேறு மூட்டையானால் வேறுபாடு ரகத்தாலா விதையாலா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

சான்று பெற்ற விதையின் அட்டை நீல நிறம், ஆதார விதை வெள்ளை, வல்லுநர் விதை மஞ்சள். அட்டையில் குவியல் எண், பரிசோதனை தேதி, காலாவதி தேதி மூன்றையும் பாருங்கள். சான்று விதையின் முதல் செல்லுபடி பரிசோதனை நாளிலிருந்து ஒன்பது மாதம். விற்பவர் பட்டியல் தர வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். அட்டையைக் கிழித்து எறியாமல் பட்டியலோடு சேர்த்து வையுங்கள். முளைப்பில் குறை வந்தால் விதை ஆய்வாளரிடம் காட்ட இந்த இரண்டும்தான் கையில் இருக்கும்.

வேளாண்மை விரிவாக்க மையத்தில் மானிய விதை கேட்பதானால் ஆதார், சிட்டா, கைப்பேசி எண் ஆகியவற்றோடு போங்கள். சிட்டாவைத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் கட்டணமில்லாமல் எடுக்கலாம். அடங்கலும் ஒரு பிரதி இருக்கட்டும். முந்தைய பயிர் எது என்ற பதிவு சோதனைக்கும் தேவைப்படும். பட்டம் தொடங்கிய பின் போனால் வேண்டிய ரகம் இருக்காது. விதைப்புக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லி வையுங்கள்.

தீவன ஆலைக்கு வந்த சோயாவை விதையாக எடுத்துவிடாதீர்கள். அதில் எந்த ரகம் கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. களைக்கொல்லி தாங்கும் சோயா விதை என்று யாராவது ரகசியமாக விற்க வந்தாலும் வாங்க வேண்டாம். மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட இந்தியாவில் அனுமதி இல்லை.

4. முளைப்புத் திறனைப் பாருங்கள்

சோயா விதையின் தோல் மெல்லியது. வெப்பத்திலும் ஈரக் காற்றிலும் சில மாதங்களிலேயே உயிர் போய்விடும். விதைச் சான்றளிப்பில் மற்றப் பல பயிர்களுக்குக் கேட்கும் அளவு கேட்காமல் 70 சதவீத முளைப்பையே தரமாக வைத்திருப்பதும் இதனால்தான். நல்ல ரகத்தின் பழைய விதை, சுமாரான ரகத்தின் புது விதையிடம் தோற்றுப்போகும். அந்தத் தோல்வி ரகத்தின் கணக்கில் எழுதப்படும்.

ரகத்துக்கு 100 விதையை ஈர மணலில் ஊன்றி எட்டாம் நாள் எண்ணுங்கள். 70-க்குக் கீழே போனால் அந்த விதை வேண்டாம். சந்தேகம் இருந்தால் மாவட்டத்து விதைப் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுக்கலாம், கட்டணம் சிறிய தொகைதான். 70-க்கு மேல் வந்த ரகங்களுக்குள் வேறுபாடு இருந்தால் குழிக்கு இரண்டு மூன்று விதையாக ஊன்றி, பதினைந்தாம் நாள் வாக்கில் குழிக்கு ஒரு செடி நிற்குமாறு மற்றதைக் கலைத்து எல்லாப் பாத்திகளையும் சமமாக்குங்கள்.

5. பாத்தி அமைப்பு

நான்கு ரகம், ரகத்துக்கு மூன்று பாத்தி, மொத்தம் 12 பாத்தி. பாத்தி 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். 30 சென்டிமீட்டர் இடைவெளியில் பத்து வரிசை, வரிசைக்குள் 10 சென்டிமீட்டருக்கு ஒரு செடி. பாத்திக்கு 400 செடி நிற்கும்.

நான்கு பாத்திகளை ஒரு தொகுதியாக எடுத்து, நான்கு ரகமும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒருமுறை வருமாறு வையுங்கள். தொகுதிகளை மடையிலிருந்து தள்ளித் தள்ளி அமையுங்கள். மடைவாயில் வண்டலும் தண்ணீரும் அதிகம், கடைமடையில் குறைவு. ஒரு தொகுதிக்குள் இருக்கும் நான்கு பாத்தியும் மடையிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் எந்த ரகத்துக்கும் அநீதி நேராது. எது எந்தப் பாத்தி என்பதைச் சீட்டு எழுதிக் குலுக்கி எடுங்கள். பிடித்த ரகத்தை நல்ல இடத்தில் வைக்கக் கை தானாகப் போகும். குலுக்கல் அதைத் தடுக்கிறது.

இடத்தேர்வில் விலக்க வேண்டியவை பல. ஆட்டுப்பட்டி போட்ட இடத்தில் பாதிப் பாத்தி பட்டிக்குள்ளும் பாதி வெளியிலும் விழுந்தால் கணக்கு கெட்டுவிடும். பழைய குப்பைமேடு, வேப்பமர நிழல், தென்னை வரப்பு ஆகியவையும் அப்படியே. மக்காச்சோளத்துக்கு அட்ரசின் களைக்கொல்லி தெளித்த காட்டில் அடுத்த பட்டத்திலேயே வைக்காதீர்கள். மண்ணில் மிஞ்சியிருக்கும் மருந்து சோயாவைக் கருக்கும்.

இதுவரை சோயாவே காணாத நிலமானால் ரைசோபியம் நேர்த்தி, அதாவது வேர் முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிரை விதையில் பூசுவது, கட்டாயம். நிலக்கடலைக்கும் தட்டைப்பயறுக்கும் உரிய பாக்கெட் சோயாவுக்கு வேலை செய்யாது. பாக்கெட்டில் சோயா என்று எழுதியிருக்க வேண்டும். பூஞ்சாண மருந்து கலப்பதானால் அதை முதல் நாளே முடித்து, மறுநாள் ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து நிழலில் உலர்த்தி ஊன்றுங்கள். ஒரு மாதம் கழித்து ஓரச் செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்தத் தோட்டத்து முடிவை நம்பி எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

மயிலையும் முயலையும் பற்றி ஆராய்ச்சிக் கையேடுகள் அதிகம் பேசுவதில்லை. நம் பக்கத்தில் சோதனையை அழிப்பதில் முதலிடம் மயிலுக்குத்தான். முளைத்து இலை விரியும் வரையும், காய் பிடிக்கும் காலத்திலும் வலை அல்லது காவல் இல்லாமல் விடாதீர்கள். சுற்றிலும் இரண்டு வரிசை அதே சோயாவை ஓரப்பயிராக விதைத்தால் முதல் அடி அதன்மேல் விழும். மயில் மேய்ந்த பாத்தியைக் குறைந்த விளைச்சல் என்று எழுதாமல் சேதம் என்று எழுதி ஒதுக்குங்கள்.

6. செலவு எங்கே போகிறது

உரச்செலவு அற்பம். இறவைச் சோயாவுக்குப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 20, மணிச்சத்து 80, சாம்பல்சத்து 40, கந்தகம் 40 கிலோ. நம் 12 பாத்தியின் பரப்பு 144 சதுர மீட்டர். அதற்கு யூரியா 630 கிராம், சூப்பர் பாஸ்பேட் 7.2 கிலோ, பொட்டாஷ் ஒரு கிலோ போதும். சூப்பர் பாஸ்பேட்டிலேயே கந்தகம் இருப்பதால் தனியாக ஜிப்சம் வேண்டியதில்லை. மணிச்சத்தை டி.ஏ.பி.யாகக் கொடுப்பவர்கள் மட்டும் 3 கிலோ ஜிப்சம் சேருங்கள். பாத்திக்குப் பாத்தி எடைபோட்டுத் தூவுங்கள். கைப்பிடிக் கணக்கு வேண்டாம்.

ஆள் கூலிதான் பெரும்பகுதி. ஊன்ற, செடி கலைக்க, முதல் 35 நாளுக்குள் இரண்டு களை எடுக்க, பாத்தி பாத்தியாக அறுத்துத் தனித்தனியாக அடிக்க என்று வேலை அடுக்கிக்கொண்டே போகும். சாதாரண ஆறு சென்ட் வெள்ளாமைக்கு ஆகும் ஆட்களைப் போல இரு மடங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர 10 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு ஒன்று, துணிப்பைகள், அழியாத மையில் எழுதிய அடையாள அட்டைகள். மழைமானி இல்லையென்றால் வாங்கி, மழையளவை ஓர் ஏட்டில் குறித்து வாருங்கள். ஒரு தோட்டம் ஏன் தோற்றது என்பதற்குப் பல நேரம் விடை அந்த ஏட்டில்தான் இருக்கிறது.

7. அறுவடையும் எடையும்

எல்லா ரகத்தையும் ஒரே நாளில் அறுக்கும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ரகமும் இலை கொட்டிக் காய் பழுப்பேறியதும் தனித்தனியாக அறுக்க வேண்டும். குறுகிய வயது ரகம் முதிர்ந்ததும் தோட்டத்துக்கே தண்ணீரை நிறுத்தினால் பின்னால் முதிரும் ரகம் மணி பிடிக்காமல் சுருங்கும். முதிர்ந்ததைக் காலங்கடத்தினால் காய் வெடித்து மணி சிதறும். இரண்டுமே ரகத்தின் குறையாகத் தவறாகப் பதிவாகிவிடும்.

இரு பக்கமும் ஓர் ஓர வரிசையையும், இரு முனையிலும் அரை மீட்டரையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் எடைபோடுங்கள். எட்டு வரிசை, 3 மீட்டர் நீளம், ஆக 7.2 சதுர மீட்டர். இந்த எடையை 562-ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் வரும்.

ஈரத்தைச் சமன் செய்யாமல் பெருக்காதீர்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலோ தீவன ஆலையிலோ ஈரமானி இருக்கும், கேட்டுப் பாருங்கள். எடையை, 100-இலிருந்து ஈரச் சதவீதத்தைக் கழித்து வருவதால் பெருக்கி 88-ஆல் வகுத்தால் 12 சதவீத ஈரத்துக்கு உரிய எடை கிடைக்கும். 16 சதவீத ஈரத்தில் ஒரு கிலோ என்பது உண்மையில் 955 கிராம்தான்.

8. கணக்கு

முதலில் ஒவ்வொரு சூழலிலும் ஒரு ரகத்தின் மூன்று பாத்திச் சராசரியை எடுங்கள். விளக்குவதற்காக மூன்று ரகம், நான்கு சூழல் என்று நானே அமைத்த எண்கள் இவை. ஏக்கருக்குக் கிலோவில்:

வாய்க்கால், ஆனி: அ 900, ஆ 700, இ 740
வாய்க்கால், புரட்டாசி: அ 700, ஆ 620, இ 600
கிணறு, ஆனி: அ 500, ஆ 560, இ 440
மானாவாரி, புரட்டாசி: அ 260, ஆ 480, இ 340

அ, ஆ இரண்டின் சராசரியும் 590. சராசரி மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. சூழல் சராசரிகள் 780, 640, 500, 360. மொத்தச் சராசரி 570. சூழல் சராசரியிலிருந்து மொத்தச் சராசரியைக் கழித்தால் வருவது சூழல் குறியீடு: +210, +70, −70, −210. ஒவ்வொரு ரகத்தின் விளைச்சலுக்கும் இந்தக் குறியீட்டுக்கும் இடையிலான சரிவைக் காணுங்கள், அதாவது குறியீடு ஒரு கிலோ கூடும்போது விளைச்சல் எத்தனை கிலோ கூடுகிறது என்பதை. எக்செலில் ஸ்லோப் என்ற சார்பு ஒரே வரியில் தந்துவிடும். அ-வுக்கு 1.51, ஆ-வுக்கு 0.51, இ-க்கு 0.97.

நல்ல சூழலில் பாய்ந்து ஏறி, கெட்ட சூழலில் அதே வேகத்தில் விழுவது அ. இரு பக்கமும் குறைவாகவே அசைவது ஆ. இதை வைத்துப் பணக் கணக்குப் போடுங்கள். ஏக்கருக்கு 20,000 ரூபாய் செலவு என்று வைத்தால், அரசின் 2025-26 குறைந்தபட்ச ஆதார விலையான குவிண்டாலுக்கு 5,328 ரூபாய்க்கு 375 கிலோ விளைந்தால்தான் முதல் திரும்பும். அ-வும் இ-யும் மானாவாரியில் அதற்குக் கீழே போய்விட்டன. ஆ எங்கும் அதற்குக் கீழே போகவில்லை. வாங்குபவர் ஆதார விலை தராமல் 4,500 என்றாலும் 445 கிலோ போதும், ஆ அப்போதும் தாண்டுகிறது. வாய்க்கால் தண்ணீர் உறுதியாக வரும் வயல்காரருக்கு அ சரி. ஆழ்துளைக் கிணற்றை நம்பி, ஒரு மழை தவறினால் கடன் வாங்கும் நிலையில் இருப்பவருக்கு நான் ஆ-வைத்தான் சொல்வேன்.

சரிவு ஒன்றுக்கு அருகில் இருந்தால் நிலையான ரகம் என்று பாடத்தில் படித்துவிட்டு இ-யை எடுத்துவிடாதீர்கள். அதன் சராசரி 530, மொத்தச் சராசரிக்கே கீழே. எங்கும் குறைவாக விளைவதும் ஒருவகை நிலைத்தன்மைதான், அது நமக்கு வேண்டாம். சராசரியை முதலில் பாருங்கள், சரிவை அடுத்துப் பாருங்கள். அதற்கும் அடுத்து, குறியீட்டையும் விளைச்சலையும் வரைபடமாகப் போட்டு, சரிவுக் கோட்டிலிருந்து புள்ளிகள் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். ஒரு சூழலில் மட்டும் தாறுமாறாக விலகியிருந்தால் நோயா, மயிலா, தண்ணீரா என்று ஏட்டைப் புரட்டுங்கள்.

மூன்று நான்கு ரகங்களை மட்டும் வைத்துக் குறியீடு போடும்போது அந்தக் குறியீட்டில் அந்த ரகங்களே கலந்திருக்கின்றன. எனவே 1.1-க்கும் 0.9-க்கும் இடையில் வேறுபாடு கற்பிக்க வேண்டாம். 1.5, 0.5 போன்ற பெரிய வேறுபாடுகளை மட்டும் நம்புங்கள். ரகங்களும் சூழல்களும் கூடினால் வேளாண் கல்லூரி மாணவர் யாரையாவது பிடித்து ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில், எந்த ரகம் எந்தச் சூழலுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் ஆமி, ஜி.ஜி.இ. பைபிளாட் முறைகளில் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். பாத்திவாரியான மூல எண்களை அவரிடம் கொடுங்கள். சராசரியை மட்டும் கொடுத்தால் பிழையளவு கணக்கிட வழியில்லை.

9. தேர்ந்தெடுத்த பிறகு

அடுத்த பட்டத்தில் அரை ஏக்கருக்கு மேல் போகாதீர்கள். விதைக்கு எடுப்பதைப் புரட்டாசிப் பட்டத்திலிருந்து எடுங்கள். டிராக்டர் ஏற்றி அடிக்காமல் கோலால் மெல்லத் தட்டிப் பிரித்து, நிழலில் உலர்த்தி, பைகளைத் தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். உயரமாக அடுக்கினால் அடிமூட்டை விதை நசுங்கி முளைப்பு போகும். இந்த விதையைப் பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கொடுக்கவும் விற்கவும் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. பதிவு பெற்ற ரகத்தை வணிகப் பெயரிட்டுப் பையில் அடைத்து விற்கத்தான் கூடாது.

வாங்குபவரிடம் விதைப்புக்கு முன்பே பேசுங்கள். நம் பக்கத்துத் தீவன ஆலைகள் பெரும்பாலும் புண்ணாக்காகவே வாங்கிப் பழகியவை. முழு மணியாக எடுத்துக்கொள்வார்களா, குறைந்தது எத்தனை மூட்டை வேண்டும், ஈரம் எத்தனை சதவீதம் வரை ஏற்பார்கள், பணம் எத்தனை நாளில் என்ற நான்கையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அவர்கள் சொல்லும் குறைந்த அளவு உங்கள் அரை ஏக்கருக்கு எட்டாது என்றால், சோதனையில் உங்களோடு இருந்த மற்றத் தோட்டக்காரர்களும் அதே ரகத்தை அதே வாரத்தில் விதைக்குமாறு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.